கூட்டுச்செவி

காலை பத்தரை மணிக்கு ஆழத்திரையில் பொன்வளையம் விழுந்தது. அடுத்த நொடியில் நாற்பத்து மூன்று விசைப்படகுகளும் ஒரே திசைக்கு மூக்கைத் திருப்பின.

அமலதாஸும் சுக்கானைத் திருப்பினான். தென்கிழக்கே ஏழு மைல். வடக்கிலிருந்து வளையத்தை நோக்கி நகரும் வெள்ளைப் புள்ளிகள் அவனுடைய ஊரான வெண்மணல்துறையின் படகுகள். தெற்கிலிருந்து வரும் சிவப்புப் புள்ளிகள் சங்குமுனைப் படகுகள். ஆரம்பத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒரே நிறம்தான். எவன் எந்த ஊர்க்காரன் என்று தெரிந்தால்தானே அடிக்க வசதி? இரண்டு ஊர்க்கமிட்டிகளும் கேட்டு வாங்கிக்கொண்ட நிறங்கள் இவை.

“ஏல, கம்பிய எடுத்து வைங்க,” என்றான் அமலதாஸ். அப்படிச் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்று வலையை எடுக்கச் சொன்னவன் அவன்.

அவனுடைய ஆள் இஞ்ஞாசி வலையறையைத் திறந்தான். வலைக்கு மேலே இரும்புக் குழாய்களும், கொக்கிக்கம்புகளும், டீசல் நிரப்பித் திரி செருகிய பாட்டில்களும் கிடந்தன. இஞ்ஞாசி ஒரு குழாயை எடுத்து உள்ளங்கையில் தட்டிப் பார்த்தான்.

“இன்னைக்கு ஒருத்தன் பல்லையாவது எண்ணாம கரைக்குப் போவமாட்டேன் அண்ணே.”

“வாயை மூடிட்டு வேலையப் பாரு.”

அமலதாஸின் கண் சிவப்புப் புள்ளிகளில் பதினேழாம் எண்ணைத் தேடியது. அது பெனிஸ்டனின் படகு. பெனிஸ்டன் அவன் தங்கை ரெஜினாளின் புருஷன். இரண்டு ஊருக்கும் காலங்காலமாகக் கொள்வினை கொடுப்பினை உண்டு. அதனால்தான் இந்தச் சண்டையில் அடிபடுகிறவனெல்லாம் யாரோ ஒருத்தியின் சொந்தக்காரனாகவே இருந்தான். ரெஜினாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். காலையில் அமலதாஸ் புறப்படும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“ஊர்ச்சண்டைல நீங்க என்ன எளவையும் பண்ணுங்க. அவுக எனக்கு உயிரோட வேணும். அவ்வளவுதான் சொல்லுவேன்.”

“மாப்ள மேல என் கை படாது. போதுமா?” என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

சுக்கான் அறையின் மூலையில் வினோலியா தரையில் உட்கார்ந்து வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். போன சண்டையில் இடி வாங்கிய செவிக்குமிழ் சரியாகக் கேட்கவில்லை என்று அமலதாஸ் புகார் சொன்னதால், மாற்றிக் கொடுக்க அவளே படகேறி வந்திருந்தாள். கருவிப் படிப்பு படித்த அவள்தான் இந்தத் திரை ஏற்பாடு முழுவதையும் இரண்டு ஊருக்கும் செய்துகொடுத்தவள்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. முன்பெல்லாம் ஒரு படகின் கருவி தன் வயிற்றுக்கு நேர் கீழே இருப்பதை மட்டும்தான் கேட்கும். ஓர் ஒலியை அனுப்பும். அது மீனில் பட்டுத் திரும்பினால் திரையில் ஒரு கீறல் விழும். பக்கத்துப் படகுக்கு ஒன்றும் தெரியாது. வினோலியா பழைய கருவிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒவ்வொரு படகின் அடியிலும் தேங்காய் அளவில் ஒரு செவிக்குமிழைப் பொருத்தினாள். ஒரு குமிழ் எழுப்பும் ஒலியின் எதிரொலியை மற்ற நாற்பத்திரண்டும் கேட்கும். கேட்டதையெல்லாம் கரையிலிருக்கும் கணிப்பி என்கிற கணினிக்கு அனுப்பும். கணிப்பி அத்தனையையும் சேர்த்துப் பிசைந்து, ஐம்பது மைல் கடலை ஒரே படமாக எல்லாப் படகின் ஆழத்திரையிலும் காட்டும். இதற்குத்தான் கூட்டுச்செவி என்று பெயர்.

எல்லாருக்கும் வேண்டியது கூறல் மீன். அதன் வயிற்றுக்குள் இருக்கும் நெட்டி என்கிற காற்றுப்பைக்கு வெளிநாட்டில் அடிபிடி. மீனின் சதையும் தண்ணீரும் ஒலிக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஊடுருவிப் போய்விடும். உள்ளே இருக்கும் காற்றில்தான் அது முட்டித் திரும்பும். ஆகவே பெரிய காற்றுப்பை எது தெரிந்தாலும் பொன்பொட்டாகக் காட்டு, சாளை, காரல் போன்ற பொடிமீன்களை மறைத்துவிடு என்று கமிட்டிகள் கேட்டன. செய்துகொடுத்தாள். கணிப்பி ஒரு படி மேலே போனது. பொன்பொட்டுகள் எங்கே விழும் என்று முன்கூட்டியே யூகித்து அங்கே ஒரு பொன்வளையம் போட்டது. எத்தனை பொட்டுகளை எதிர்பார்க்கிறதோ அத்தனை பெரிய வளையம். யூகம் பலித்தால் அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும், பலிக்காவிட்டால் விட்டுவிடும். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாம்.

ஆனால் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தால் எல்லாரும் ஒரே இடத்துக்குத்தானே போவார்கள்? இது படித்தவளுக்கும் தோன்றவில்லை, கமிட்டிப் பெரிய மனிதர்களுக்கும் தோன்றவில்லை. அத்தனை பெரிய கடலைக் கொண்டுபோய்க் குழாயடி ஆக்கிவிட்டார்கள். முதல் வாரம் வாய்ச்சண்டை. இரண்டாம் வாரம் சங்குமுனைக்காரன் ஒருவனின் மூன்று விரல்கள் வலைக்கயிற்றோடு சேர்ந்து அறுந்தன. மூன்றாம் வாரம் வெண்மணல்துறைப் படகு ஒன்று எரிந்து, அதிலிருந்த இரண்டு பேர் கரையேறவில்லை. கரையில் காவல் போட்டார்கள். சண்டையோ கடலில் நடந்தது.

வளையத்துக்குள் வெள்ளைப் புள்ளிகளும் சிவப்புப் புள்ளிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே நுழைந்தன. அமலதாஸ் திரையைப் பார்த்தான். பொட்டு ஒன்றுகூட இல்லை. வெறும் தண்ணீர்.

“மீன வெரட்டிட்டானுவ அண்ணே!” என்று கத்தினான் இஞ்ஞாசி.

இதையேதான் எதிர்ப்பக்கத்திலும் கத்தியிருப்பார்கள். முதல் பாட்டில் எங்கிருந்து பறந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. அது ஒரு வெள்ளைப் படகின் முகப்பில் உடைந்து தீ ஓடியது. அந்தப் படகு நேரே போய் ஒரு சங்குமுனைப் படகின் விலாவில் குத்தியது. பலகை நொறுங்கும் சத்தத்துக்கு மேலாக ஒரு மனிதனின் அலறல் கேட்டது. இரண்டு படகுக்கும் நடுவில் அவன் தொடை மாட்டியிருந்தது. படகுகள் விலகியபோது அவன் மேல்பாதி பின்னால் சரிந்து கடலுக்குள் போனது.

பிறகு எல்லாப் பக்கமும் அதேதான். குழாய் தாடையில் இறங்கியது. கொக்கி ஒருவனின் தோளில் மாட்ட, மீனை இழுப்பதுபோல் அவனை இழுத்துத் தண்ணீரில் தள்ளினார்கள். ஒரு கிழவர், கடலில் ஐம்பது வருஷம் கழித்தவர், இரண்டு கையாலும் கல்நங்கூரத்தைத் தூக்கி அடுத்த படகில் நின்றவன் தலைமேல் போட்டார். போட்டுவிட்டு அவரே உட்கார்ந்து அழுதார்.

பதினேழாம் எண் படகு உரசிக்கொண்டு வந்தது. சுக்கானில் பெனிஸ்டன். முகப்பில் நின்ற அவன் தம்பி டெல்வின், கையில் வெட்டரிவாளோடு அமலதாஸின் தளத்துக்குத் தாவினான். எரிந்துபோன படகுக்குப் பதிலாக வெண்மணல்துறைக்காரர்கள் வெட்டிய மூன்று பேரில் ஒருவன் அவனுடைய கூட்டாளி. முதல் வீச்சிலேயே இஞ்ஞாசியின் முன்கை எலும்பு தெரியப் பிளந்தது. குழாய் உருண்டு போயிற்று. இரண்டாம் வீச்சுக்கு டெல்வின் கையை ஓங்கினான்.

“டெல்வின், வேண்டாம்ல! மச்சான் படகுல!” என்று பெனிஸ்டன் அங்கிருந்து கத்தினான்.

யார் கேட்பது? அமலதாஸுக்கு யோசிக்க நேரமில்லை. டெல்வினைத் தூக்கி எறிய அவனுக்குத் தெரிந்த ஒரே வழி படகுதான். விசையை முழுக்கத் தள்ளிச் சுக்கானை ஒடித்தான். படகு வெடுக்கென்று சாய்ந்தது. டெல்வின் விளிம்பைத் தாண்டிப் பறந்தான். அதே திருப்பத்தில் முகப்பு போய்ப் பதினேழாம் எண்ணின் சுக்கான் அறையில் மோதியது. அறை பெயர்ந்து அதற்குள் இருந்த பெனிஸ்டனோடு கடலில் விழுந்தது.

“அய்யோ மாதாவே,” என்றான் அமலதாஸ். கை படாது என்று சொன்னவன் படகையே கொண்டுபோய் மோதிவிட்டான்.

அப்போதுதான் ஆழத்திரை பூத்தது. வளையத்துக்குள் ஒரு பொட்டு. நான்கு. ஏழு. பதினொன்று. இதுவரை எந்தக் கூறலும் காட்டாத வெளிச்சத்தில் பெரிய பெரிய பொன்பொட்டுகள்.

வானொலியில் இரண்டு ஊர்க்குரல்களும் ஒன்றாகக் கூவின. “கூறல்! கூறல்! எத்தா பெருசுல! மடி வலையப் போடு!” பின்தங்கி வந்துகொண்டிருந்த இருபது படகுகளும் வலையை விரித்துக்கொண்டு முழு வேகத்தில் வந்தன.

வினோலியா எழுந்து திரையருகே வந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“அண்ணே, கூறல் தரையொட்டிக் கெடக்கிற மீனு. இது ஒரு பாகம், ஆறடி ஆழம்கூட இல்ல. மேலயே மெதக்கு.”

“அதுக்கென்னம்மா இப்ப?”

“நெட்டி இவ்வளவு பெருசு எந்த மீனுக்கும் கெடையாது. இது நெஞ்சு அண்ணே. காத்துப் புடிச்ச மனுச நெஞ்சு. பதினோரு பொட்டும் ஆளு.”

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொட்டு மங்கியது. மெல்ல மெல்லச் சாம்பலாகி இல்லாமல் போனது. நுரையீரலில் தண்ணீர் நிறைந்தால் காற்று வெளியேறிவிடும். காற்றில்லாத உடம்பு செவிக்குமிழுக்குக் கேட்காது. அமலதாஸுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒலிவாங்கியைப் பிடுங்கினான்.

“எல்லாரும் எஞ்சின நிறுத்துங்கடே! அது மீனில்ல! மீனே இல்ல! தண்ணில ஆளு கெடக்கு!”

பிறகு யாரோ சிரித்தார்கள்.

“அமலதாஸ் அண்ணே, நல்லா ஜோடிக்கிறீய. அவ்வளவு மீனா?”

இங்கேதான் இந்த மக்களின் குணத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் கடற்கரையில் வானொலியில் மீனைப் பற்றி எவனும் உண்மை பேசியதே கிடையாது. வலை கிழியக் கிழிய மீன் கிடந்தால், ஒன்றுமில்லை மக்கா, வெறும் சொறிமீன் என்பான். அண்ணனிடம் தம்பி சொல்வான், மாமனிடம் மருமகன் சொல்வான். இது பொய் என்றுகூட யாரும் நினைப்பதில்லை; தொழில் அப்படி. மீனில்லை என்று ஒருவன் தொண்டை கிழியக் கத்தினால் மீன் தொண்டைவரை இருக்கிறது என்று பொருள். திரையில் எல்லாம் தெரிகிற காலத்திலும் இந்தப் பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அமலதாஸ் கெஞ்சக் கெஞ்சப் படகுகள் இன்னும் வேகமாக வந்தன.

“நீ பாத்துச் சொல்லு தாயி, நான் ஓட்டுதேன்,” என்றான்.

“வலது பக்கம், அம்பதடி. இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க!”

இஞ்ஞாசி பிளந்த கையைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தான். நல்ல கையை நீட்டித் தண்ணீரிலிருந்து ஒருவனின் தலைமுடியைப் பிடித்தான். சங்குமுனைக்காரன். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவன் பல்லை எண்ணியிருப்பான். இப்போது பெயரைக் கேட்டுக்கொண்டே தளத்தில் இழுத்துப் போட்டான்.

அடுத்த பொட்டை நோக்கித் திரும்புவதற்குள் அதன்மேல் ஒரு வெள்ளைப் புள்ளி ஏறியது. அந்தப் பொட்டு மங்கவில்லை. சட்டென்று அணைந்தது. வெளியே எட்டிப் பார்த்தால் அந்தப் படகின் பின்னால் இருபதடிக்குத் தண்ணீர் சிவந்திருந்தது. உந்துசுழலியில் என்ன சுற்றிக்கொண்டது என்று அதன் ஓட்டுநர் குனிந்து பார்த்துவிட்டு, அப்படியே வாந்தி எடுத்தார்.

“இடது பக்கம் ஒண்ணு, பலகையோட சேந்து மெதக்கு,” என்றாள் வினோலியா.

பெயர்ந்த சுக்கான் அறையின் கதவைப் பிடித்துக்கொண்டு பெனிஸ்டன் கிடந்தான். அவனுக்கு நேரே ஒரு சங்குமுனைப் படகு, அவன் சொந்த ஊர்ப் படகுதான், வலையை இழுத்துக்கொண்டு பாய்ந்து வந்தது. ஓட்டுகிறவனின் கண் திரையில். எதிரே பத்தடியில் தன் ஊர்க்காரன் கையை ஆட்டுவதை அவன் பார்க்கவில்லை. அமலதாஸ் தன் படகைக் குறுக்கே நிறுத்தினான். இடி விலாவில் விழுந்தது. பலகை உள்ளே வளைந்து தண்ணீர் பீறிட்டது. அவன் விளிம்பில் குப்புற விழுந்து இரண்டு கையாலும் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துத் தூக்கினான்.

பெனிஸ்டனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. வலியில் கத்தக்கூட இல்லை.

“மச்சான், டெல்வின் எங்க?”

பெனிஸ்டன் தளத்தில் தவழ்ந்துபோய்த் திரையைப் பார்த்தான். மற்றதெல்லாம் அணைந்துபோக, மூன்று பொட்டுகள் மிச்சம். வினோலியா சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாகத் தேடிப் போனார்கள். ஒன்று பிழைத்தது, அது வேறொருவன். ஒன்று வலைக்குள் போயிருந்தது. வலை மேலே வந்தபோது முகம் தெரியாத அளவுக்கு நைலான் இறங்கியிருந்தது. மூன்றாவது இன்னும் இருநூறடி இருக்கும்போதே மங்கத் தொடங்கியது.

“முழுங்காத, கையக் கால ஆட்டு, டெல்வின், ஆட்டுல!” என்று திரையைப் பிடித்துக்கொண்டு பெனிஸ்டன் அலறினான். பொட்டு சாம்பலாகி, அதுவும் போயிற்று.

வானொலியில் ஒருவன் அலுத்துக்கொண்டான். “ச்சே, மீன் தாழ்ந்துட்டுல.”

மூன்றாம் நாள் ஐஸ் கம்பெனிக் கொட்டகையில் இரண்டு ஊர்க்கமிட்டிகளையும் வினோலியா ஒன்றாக உட்கார வைத்தாள். இரண்டு இரவு முழுக்கக் கணிப்பியின் பதிவுகளைத் தோண்டியிருந்தாள்.

“முதல் வாரம் வளையம் விழுந்த எடத்துல நெசமாவே கூறல் இருந்திச்சு. முதல் சண்டைல நாலு பேரு தண்ணில விழுந்தாவ இல்லியா? அன்னைக்கு இந்தக் கணிப்பி அதுக்கு முன்ன பாக்காத பெரிய பொட்டு நாலு பாத்துட்டு. அதுக்கப்புறம் இது மீனத் தேடல. ரெண்டு ஊர்ப் படகும் ஒரே நேரத்துல எங்க வந்து சேருமோ அங்க வளையம் போடுது. எவ்வளவு படகு வருமோ அவ்வளவு பெரிய வளையம். நீங்க வாரிய, அடிச்சுக்கிடுறிய, ஆளு விழுது, பொட்டு தெரியுது. யூகம் பலிச்சுட்டுன்னு அது இன்னும் கெட்டியாப் புடிச்சுக்கிடுது.”

வெண்மணல்துறைத் தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“சரி, அணைச்சிரலாம். மொதல்ல அவுக கொமிழக் கழட்டட்டும்.”

“நாங்க எதுக்கு மொதல்ல? நாங்க செவிடா நிக்கையில நீங்க வந்து அடிக்கவா?” என்றார் சங்குமுனைத் தலைவர்.

“யாரும் கழட்ட வேண்டாம். நான் கணிப்பியோட வயரப் புடுங்குதேன்,” என்று வினோலியா எழுந்தாள்.

இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில் அவள் கையைப் பிடித்தார்கள். ஒரு மாதத்தில் இரண்டு ஊரும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அன்று மாலையே கணிப்பி அறைக்கு இரண்டு ஊரிலிருந்தும் காவல் போட்டார்கள்.

வினோலியா சொன்னது வீண்போகவில்லை. எல்லாரும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வளையம் விழும் இடத்துக்கு எதிரி வருவான் என்பது இப்போது சந்தேகமில்லாத விஷயம். மறுநாள் காலையில் கடலுக்குப் புறப்பட்ட படகுகளில் வலை இல்லை, ஐஸ் இல்லை. குழாய்களும் அரிவாள்களும் பாட்டில்களும் வைக்க இடம் வேண்டும் என்று மீன்பெட்டிகளைக்கூட இறக்கிவிட்டார்கள்.

அமலதாஸ் போவதாக இல்லை. உடைந்த விலாவுக்குப் பலகை அடித்து முடித்துவிட்டுக் கரையோரத்தில் படகிலேயே உட்கார்ந்திருந்தான். ரெஜினாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஓடிவந்தாள்.

“அண்ணே, அவுக ஆசுபத்திரில இல்ல. மாவுக்கட்டோட எழுந்து போய்ட்டாவளாம். டெல்வினுக்குப் பதில் சொல்லாம வரமாட்டேன்னு படகேறிட்டாவளாம்.”

“புத்தி கெட்டுப் போச்சா அவனுக்கு? எல்லாம் தெரிஞ்சவன்தான!”

“தெரிஞ்சதாலதான் போறாவ. யாரு எங்க வருவாங்கன்னு தெரியும்லா.” அவள் அழவில்லை. “நீங்க போங்க. சண்டைக்கில்ல. அவுக விழுந்தா தூக்க அங்க யாரு இருக்கா?”

அமலதாஸ் குழாய்களையும் பாட்டில்களையும் தண்ணீரில் எறிந்தான். துறையில் கிடந்த மிதவைகளையெல்லாம் வாரி ஏற்றினான். கையில் கட்டோடு இஞ்ஞாசி தானாக வந்து ஏறினான். வினோலியாவும் ஏறி, திரையின் முன்னால் உட்கார்ந்தாள். எஞ்சின் கிளம்பியது.

பத்து மணிக்கு வளையம் விழுந்தது. கிழக்கே ஐந்து மைல். பெனிஸ்டனின் பதினேழாம் எண், பெயர்ந்த சுக்கான் அறைக்குப் பதில் தகரம் அடித்துக்கொண்டு சிவப்புக் கூட்டத்தின் முன்வரிசையில் போய்க்கொண்டிருந்தது. அமலதாஸ் படகை அந்தப் பக்கம் திருப்பினான்.

“அண்ணே,” என்றாள் வினோலியா. “நாம திரும்புனதும் வளையம் பெருசாயிட்டு.”

அவன் சுக்கானைக் கரைப்பக்கம் ஒடித்தான். திரையில் வளையம் லேசாகச் சிறுத்தது. மறுபடி கிழக்கே ஒடித்தான். பெருத்தது. அவன் கொண்டுபோவது மிதவையா அரிவாளா என்பது கணிப்பிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு படகு, அதிலிருந்து தண்ணீரில் விழக்கூடிய காற்று நிறைந்த நெஞ்சுகள்.

வானொலி கரகரத்தது. “வளையம் பெருசாவுது மக்கா! வெள்ளைல இன்னும் ஒருத்தன் வாரான். விடாதிய!” சிவப்புப் புள்ளிகள் எல்லாம் வேகம் பிடித்தன. அதைப் பார்த்து வெள்ளைப் புள்ளிகளும் பிடித்தன.

“வரல, நான் சண்டைக்கு வரல, ஆளத் தூக்க வாரேன்!” என்று அமலதாஸ் ஒலிவாங்கியில் கத்தினான். இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தன.

திரும்பிப் போனால் வளையம் சிறுக்கும். ஆனால் அதற்குள் பெனிஸ்டன் இருப்பான், தூக்க ஆள் இருக்காது. அமலதாஸ் ஒரு நிமிஷம் விசைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். பிறகு முழுக்க முன்னால் தள்ளினான். திரையில் வளையம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.